ஷார்ஜாவுக்குப் போன பூமாரி

வாசகர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்து கோணல், ஞாபகம் அதைவிடக் கோணல். போன வாரம், என் முதல் தையல் மிஷின் வாங்கிய கதையை எழுதும்போது, அதை வாங்கித் தந்தவர் காலமாகிவிட்டார் என்று எழுதிவிட்டேன். பத்திரிகை வந்த அன்று மத்தியானமே அவர் புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து என் வாசலில் நின்றார். காப்பி கொடுத்து அனுப்பினேன். அவர் உயிரோடுதான் இருக்கிறார். கோபமும் இன்னும் இருக்கிறது.

இந்த வாரம் உயிரோடு இருப்பவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

தாடிக்குக் கீழே செம்பருத்தி

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் காஜா பாய் நின்றுகொண்டு, ஒரு நைட்டியின் இரண்டு தோளையும் பிடித்துத் தன் மார்புக்கு நேரே விரித்து வைத்திருந்தார். நல்ல தாடி. தாடிக்குக் கீழே மாம்பழ மஞ்சளில் பெரிய பெரிய செம்பருத்திப் பூ. பன்னிரண்டு மிஷினும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. பெண்கள் குனிந்து நூல் தேடுவதுபோல் சிரித்தார்கள்.

"இது என்ன சைஸ், ஆச்சி?"

நான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்தேன். புது மனிதர் வந்தால் அதுதான் என் இடம்.

"அது பூமாரி," என்றேன்.

"பேரக் கேக்கல ஆச்சி. சைஸக் கேக்கேன்."

"சைஸ்தான் பூமாரி."

அவர் இன்னொன்றை எடுத்தார். "அப்ப இது?"

"தங்கம்."

"இது?"

"மேரி டீச்சர்."

டீச்சர் என்று தெரிந்ததும் அதை மட்டும் கொஞ்சம் மரியாதையாக மடித்து வைத்தார்.

என் மருமகள் செல்வி தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் எம்.காம். படித்தவள். என் மகன் துணி எடுக்க ஈரோடு போவான், வருவான். மற்றபடி இந்த நைட்டி வியாபாரத்துக்கு வாய், காது, போன், கம்ப்யூட்டர் எல்லாம் செல்விதான். காஜா பாயை வரவழைத்ததும் அவள்தான். அவர் கடையநல்லூர்க்காரர். ஷார்ஜாவில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஊருக்கு வந்தபோது அவர் மனைவி எங்கள் நைட்டி இரண்டு வாங்கிக்கொண்டு போய், மூன்று வருஷம் ஆகியும் சாயம் போகவில்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சாயம்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

பாய் கேட்டது மாசம் இரண்டாயிரம் நைட்டி. முதலில் ஷார்ஜா, அப்புறம் துபாய், எல்லாம் கூடிவந்தால் மலேசியா. அதற்கு இன்னும் பதினைந்து பவர் மிஷின் வேண்டும். மிஷினுக்குப் பாங்க் கடன் வேண்டும். கடனுக்கு வீட்டை வைக்க வேண்டும். வீடு என் பேரில் இருக்கிறது.

செல்வி பாங்க் பாரத்தையும் பேனாவையும் தயாராகத் திரைக்குள் நீட்டினாள். கையெழுத்துப் போட்டால் வீடு பாங்குக்குப் போகும். போடாவிட்டால் செல்வி போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். திருப்பூரில் அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் போனால் என் மகனும் பின்னாலேயே போவான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சாம்பிள் போகட்டும், பாப்போம்," என்றேன். பாரத்தை நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

டேப் பிடிக்காத தையல்காரி

தையல்காரி என்றால் கழுத்தில் டேப் தொங்க வேண்டும். எனக்கு அது கடைசிவரை வரவே இல்லை. ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டு இத்தனை இஞ்ச் என்று சத்தமாகச் சொல்லுவது எப்படி? நினைத்தாலே எனக்கு வேர்த்துவிடும். அவர்கள் சும்மாதான் நிற்பார்கள். கூச்சப்படுவது நான்தான்.

அதனால் கண்ணால் அளந்தேன். வருகிறவளைத் திரை இடுக்கு வழியாகப் பார்ப்பேன். எங்கள் தெருவில் தங்கம் ஒல்லி. பூமாரி நடுத்தரம். மேரி டீச்சர் நடந்து வந்தால் தெரு கொஞ்சம் குறுகினாற்போல் இருக்கும். வருகிறவள் இந்த மூன்று பேரில் யார் மாதிரி என்று பார்த்து வெட்டினால் சரியாக இருந்தது. பழைய காலண்டர் அட்டையில் மூன்று அளவு வெட்டி, மேலே அவர்கள் பெயரை எழுதி ஆணியில் தொங்கவிட்டேன். அது நடந்து இருபது வருஷத்துக்கு மேலே இருக்கும். அட்டைகள் இன்றும் அதே ஆணியில் தொங்குகின்றன.

பெயர் எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. ராயகிரியிலிருந்தும் கரிவலத்திலிருந்தும் பெண்கள் வந்து, "ஒரு பூமாரி, ரெண்டு மேரி டீச்சர் குடுங்க," என்பார்கள். "தங்கம் கக்கத்துல இறுக்குது" என்பார்கள். "மேரி டீச்சர்ல சாயம் போவாததா எடுங்க" என்று ஒருத்தி கேட்டபோது, நிஜ மேரி டீச்சர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற டீச்சர் என்றாலும் பார்வை ஓய்வு பெறவில்லை. நான் திரைக்குள் போய் அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

பூமாரி வீட்டுக்காரர் கதை அதைவிட மோசம். ஒரு நாள் அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். ராயகிரியிலிருந்து ஒரு ஆள் வந்து, "போன மாசம் ஒரு பூமாரி கொண்டு போனேன், நல்லா உழைக்கு. இன்னொண்ணு வேணும்," என்றான். பீடி கீழே விழுந்தது. அப்புறம் அந்த ஆளும் கிட்டத்தட்ட விழுந்தான். நான் திரையை விட்டு வெளியே ஓடி வந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. விளக்கிச் சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள்.

பூமாரிக்கு மட்டும் இதில் பெருமை. "நாலு ஊரு பொம்பளைக்கும் நான்தான அளவு?" என்பாள்.

துண்டு வேண்டாமாம்

பாய் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நைட்டியோடு நான் கொடுக்கிற துண்டு வேண்டாமாம்.

எங்கள் பக்கம் நைட்டியைப் பகலில்தான் அதிகம் போடுகிறார்கள். பால் வாங்க நைட்டி, குழாயடிக்கு நைட்டி, ரேஷன் கடைக்கு நைட்டி, வேனில் பிள்ளையை ஏற்றிவிட நைட்டி. தோளில் ஒரு துண்டு விழுந்துவிட்டால் அது மரியாதையான உடுப்பு. துண்டு இல்லாமல் வாசலைத் தாண்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. பெரும்பாலும் கண்ட துண்டை எடுத்துப் போடுவார்கள். பச்சை நைட்டிக்கு மேல் குளியலறைத் துண்டு. எனக்கு அது கண்ணில் உறுத்தும். அதனால் ஒவ்வொரு நைட்டிக்கும் அதே துணியில் ஒரு துண்டு வைத்தேன். வலது பக்கம் போன் வைக்க ஒரு பை. பைக்கு இரட்டைத் தையல். மற்ற நைட்டியில் பை கிழிந்து போன் விழும், என்னுடையதில் விழாது. என் வியாபார ரகசியம் இவ்வளவுதான்.

"அங்க யாரு ஆச்சி குழாயடிக்குப் போறா? துண்ட எடுத்தா ரேட்டு குறையும்லா?" என்றார் பாய்.

அது நியாயமாகத்தான் பட்டது. வெளிநாட்டில் குழாயடி இருக்காது என்று நானும் நம்பினேன்.

அளவு எடுக்கப் போனவள்

பாய் செல்வியின் போனுக்கு ஒரு பாரம் அனுப்பினார். எஸ், எம், எல் என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றுக்கும் போடுகிறவளின் உடம்பு அளவு இத்தனை என்று எழுத வேண்டும். நைட்டியின் அளவு இல்லை, உடம்பின் அளவு.

"அத்தை, தங்கம் எஸ்ஸு, பூமாரி எம்மு, மேரி டீச்சர் எல்லு. சரிதான?"

"சரிதான்," என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவது என் பழக்கம்.

செல்வி டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதற்குப் போகிறாள் என்றும் புரிந்தது. படித்த பிள்ளை, ஏதோ காரணம் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

காரணம் ஒன்றும் இல்லை. தங்கத்தை அளக்கத் தங்கத்திடம் போனாள், அவ்வளவுதான். அப்போது அவள் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒல்லித் தங்கம் பிரியாணிக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். கடை நன்றாக ஓடியது. தங்கமும் நன்றாக இருக்கிறாள். எங்கள் தெருவிலேயே அவளுக்குத்தான் சுற்றளவு அதிகம். மேரி டீச்சருக்குச் சர்க்கரை வந்து, கேழ்வரகும் நடையுமாகப் பாதி ஆளாகிவிட்டார். பூமாரி மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ இருந்தாள். எங்கே என்று அவள் சொல்லமாட்டாள்.

பூமாரி அளவு கொடுக்கும்போது எதற்கு என்று கேட்டிருக்கிறாள். வெளிநாட்டில் உங்கள் பெயரை எம் என்று போடுவோம் என்று செல்வி சொல்லியிருக்கிறாள். பூமாரி நேராக என் திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏ கோமதி மதினி! இருவது வருசமா எம் பேரச் சொல்லி வித்திய. இப்ப ஏரோப்ளேன் ஏறப் போற நேரத்துல பேரப் புடுங்கிட்டு ஒத்த எழுத்தப் போடுதியளோ?"

"நான் இல்லட்டி, அது அங்க உள்ள முறை..."

"அங்க உள்ள முறைன்னா, அங்க உள்ளவ ஒடம்ப அளக்க வேண்டியதான? என்னைய எதுக்குக் கையத் தூக்கச் சொன்னா?"

நியாயமான கேள்விகள் எல்லாம் திரைக்கு முன்னால்தான் நின்றன. நான் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டேன்.

ஸ்டியரிங் அந்தப் பக்கம்

செல்வி எழுதிக் கொடுத்த நம்பர்படி புது அட்டை வெட்டி, துணி வெட்டி, தைத்து, எஸ் எம் எல் என்று லேபிள் வைத்து, வகைக்கு இருபதாக அறுபது நைட்டி பாயின் பெட்டியில் ஏறிப் போனது. துண்டு இல்லாமல்.

ஒரு மாசம் கழித்து போன் வந்தது. செல்வி ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் ஐந்து நிமிஷம் பாய் சிரித்தார். அப்புறம்தான் பேச்சு வந்தது.

"ஏம்மா செல்வி, என்னம்மா அனுப்பியிருக்கிய? எஸ்ஸுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாம். எல்லு வாங்கிட்டுப் போன பொம்பள தலை வரைக்கும் போட்டுட்டு, கழட்ட முடியாமக் கடைக்கு ஆள் அனுப்புதா!"

செல்வி லேபிளைப் பார்த்தாள், பாரத்தைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய பழைய அட்டைகளைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப் போனது.

எங்கள் கட்டிங் மாஸ்டர் மாரியப்பன் கத்தரியைக் கீழே வைக்காமல் நின்றார்.

"வெட்டும்போது உமக்குத் தெரியலயா அண்ணாச்சி? எஸ்ஸு பெருசா இருக்கே, எல்லு சின்னதா இருக்கேன்னு?" என்று செல்வி அவரிடம் கேட்டாள்.

"தெரிஞ்சிச்சு."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"வெளிநாட்டுல கார் ஸ்டியரிங்கே அந்தப் பக்கம்லா இருக்கு. சைஸும் மாத்தித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்."

செல்வி அழவில்லை. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். தப்பு அவளுடையது என்று பன்னிரண்டு பேரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வாயை மூடி இருந்தவள் நான் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். செல்வி இதைப் படிப்பாள்.

பாய் போனை வைக்கவில்லை. "பரவால்ல, சரி பண்ணிக்கிடலாம். ரெண்டாயிரம் ஆர்டர் அப்படியேதான் இருக்கு," என்றார். பெரிய மனது. அப்புறம், ஒரு வேடிக்கை கேளுங்கள் என்று இதைச் சொன்னார்.

கடைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். கரிவலத்துக்காரி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. ஒரு நைட்டியை எடுத்துப் பைக்குள் கையை விட்டு, இரட்டைத் தையலைத் தடவிப் பார்த்திருக்கிறாள்.

"'பாய், இது சங்கரங்கோயில் நைட்டில்லா? பூமாரி இருக்கா?'ன்னு கேக்கா. நான் எம்ம எடுத்துக் குடுத்தேன். ஒதறிப் பாத்துட்டு, 'இது பூமாரி இல்ல. துண்டு வேற இல்ல. யாரு இப்படிக் கெடுத்தது?'ன்னு என்னைய ஏசிட்டுப் போறா ஆச்சி!"

"துண்டு எதுக்காம் அவளுக்கு?" திரைக்குள் இருந்தபடியே கேட்டேன்.

"ஒரு ரூமுக்கு ஆறு பேராம். அடுப்படி வராண்டாவுக்கு அந்தக் கடைசியில. வழியெல்லாம் ஆம்பளையாளு ரூமு. துண்டு இல்லாம எப்படிப் போவேன்னு கேக்கா."

ஷார்ஜாவிலும் ஒரு குழாயடி இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஃபேனிடம் சொன்னது

மறுவாரம் பாய் முடிவு கேட்டு வீடியோவில் வந்தார். செல்வி போனை என் கையில் கொடுத்துவிட்டு, நூல்கண்டு டப்பாவுக்கு அடியிலிருந்து பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது. போனை மல்லாக்கத் தரையில் வைத்தேன்.

"ஆச்சி, ஃபேன்தான் தெரியுது."

"ஃபேனப் பாத்தே கேளுங்க பாய்."

என் ஆயுசில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. இரண்டாயிரம் எங்களால் ஆகாது என்றேன். ஆடித்தபசுத் திருவிழா வந்தால் இங்கே உள்ள பெண்களுக்கே கொடுத்து மாளாது. அவர்களை நிறுத்திவிட்டு முகம் தெரியாதவளுக்கு எஸ்ஸும் எல்லும் தைக்க எனக்கு வராது. வீட்டை வைக்க மாட்டேன். அதில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பைக்குள் கைவிட்டுப் பார்த்தாளே, அவளுக்கும், அவளைப் போல் அங்கே இருப்பவர்களுக்கும் மாசம் இருநூறு தருகிறேன். பழைய அட்டையில் வெட்டியது. துண்டோடு.

"இருநூறா? பெட்டிக் கூலிக்கே காணாதே ஆச்சி!"

"அப்ப ஊருக்கு வந்துட்டுப் போறவங்க பெட்டில பத்துப் பத்தாக் குடுத்து விடுதேன்."

ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றியது. "துண்டுக்குத் தனி ரேட்டா?" என்று கேட்டார். அப்படியென்றால் சரி என்று அர்த்தம். கடையநல்லூர்க்காரர்களுக்கு வியாபாரம் எனக்கு முன்னாலேயே தெரியும்.

செல்வி பாரத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. "மாரியப்பண்ணாச்சி, அத்தைகிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லுங்க," என்பாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். மாரியப்பனும் திரும்பி என்னைப் பார்த்து, "சோறு ஆறுதாம்," என்பார். திருப்பூரிலிருந்து எத்தனை போன் வந்தது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவள் ஒரு சின்ன ரோல் லேபிளை என் மடியில் போட்டாள். பிரஸ்ஸில் அடித்தது. மேலே பெரிதாகத் தமிழில் பூமாரி. கீழே எறும்பு மாதிரி ஒரு எம். இன்னொரு ரோலில் தங்கம், எஸ். இன்னொன்றில் மேரி டீச்சர், எல். பழைய அட்டைகளை அளந்து, பாயின் பாரத்தையும் சரியாக நிரப்பியிருந்தாள்.

"ரெண்டு மிஷின் என் பேர்ல வாங்குதேன்," என்றாள். "வீட்ட வைக்கல. அடுத்த வருசம் திரும்பக் கேப்பேன். அப்ப திரைக்குப் பின்னால நின்னு பதில் சொல்லக் கூடாது."

நான் ஜெயித்தேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு மிஷின் இப்போது ஐந்தாகிவிட்டது. அவள் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறாள். திரையைத் துவைக்கப் போடுவதாகச் சொல்லிக் கழற்றிக் கொண்டுபோனவள் இன்னும் திருப்பி மாட்டவில்லை.

முதல் பெட்டி போன அன்று பூமாரி வந்து லேபிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு," என்றாள். பிறகு அதில் ஒன்றைக் கிழித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டு போனாள்.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு உதவி. முதல் தடவை போனது நூற்றெண்பதா இருநூறா என்பதில் எனக்கும் மாரியப்பனுக்கும் சண்டை. அதைவிடப் பெரிய சந்தேகம், பூமாரி அட்டையின் அளவு. நாற்பத்தாறு இஞ்ச் என்று செல்வி சொல்கிறாள். நாற்பத்திரண்டுக்கு மேல் இருக்கவே இருக்காது என்று பூமாரி சத்தியம் செய்கிறாள். நான் இன்றுவரை டேப் பிடித்ததில்லை. ஷார்ஜாவிலோ ராயகிரியிலோ யாரிடமாவது ஒரு பூமாரி இருந்தால், தரையில் விரித்து, மார்புச் சுற்றை அளந்து, சரியானதை எனக்கு எழுதிப் போடுங்கள். கார்டில் எழுத வேண்டாம், கவரில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். எங்கள் தெருவுக்கு வருகிற தபாலை முதலில் வாங்கிப் படிப்பது பூமாரிதான்.